பேனலை 1000 நிட்டுக்கு மாற்றினால் வெயிலில் திரை தெரியுமா?

மின்வாகன சார்ஜிங் பெட்டி செய்யும் ஒருவரின் கேள்வி இது. பெட்டியில் 10.1 அங்குல டச் பேனல், 400 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், முன்னால் 3 மி.மீ. கண்ணாடி. காலை பத்து மணிக்கு மேல் எழுத்து தெரிவதில்லை, வருகிறவர்கள் கையால் நிழல் கட்டிப் பார்க்கிறார்கள். மழை வந்தால் யாரும் தொடாமலே பொத்தான்கள் அழுந்துகின்றன. 1000 நிட் பேனல் போட்டால் இரண்டும் தீருமா என்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: திரை ஏன் தெரியவில்லை, பேனலை மாற்றும் செலவு சரியான இடத்தில்தான் விழுகிறதா, டச் ஏன் பேயாட்டம் ஆடுகிறது. மூன்றாவதற்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. முதல் இரண்டுக்கும் சுருக்கமான பதில்: நிட்டை மட்டும் ஏற்றினால் பாதிக் கிணறுதான் தாண்டுவீர்கள். முதலில் குறைக்க வேண்டியது பிரதிபலிப்பு.

ஒரு சோதனை செய்து பாருங்கள், செலவில்லை. பேனலை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்துக் கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பாருங்கள். ஒன்றன் பின் ஒன்றாக மூன்று ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், முன் கண்ணாடிக்கும் எல்சிடிக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியின் வெளி முகம் ஒன்று, உள் முகம் ஒன்று, எல்சிடியின் மேலுள்ள போலரைசர், அதாவது ஒளியை ஒரே திசையில் அதிரவிடும் படலம், ஒன்று. கண்ணாடியும் காற்றும் சந்திக்கிற ஒவ்வோர் இடத்திலும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். மூன்று முகங்களுக்கும் சேர்த்து 12. பேனலின் உள்ளடுக்குகளிலிருந்து இன்னொரு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக எதிரே இருக்கிற உலகத்தில் 13 சதவீதத்தை உங்கள் திரை கண்ணாடி மாதிரிக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல்தான் எழுத்து தெரிய வேண்டும்.

இந்த 13 சதவீதம் என்ன செய்கிறது என்று எண்ணில் பார்த்தால்தான் உறைக்கும். சூரியன் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, திரை நிழலில் இருக்கிறது. எதிரே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நிற்கிறார். நேர் வெயிலில் 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) இருக்கும். உச்சி வெயில் மார்பில் சாய்வாக விழுவதால் 40,000 லக்ஸ் என்று கொள்வோம். வெள்ளைத் துணி அதில் 80 சதவீதத்தை, அதாவது 32,000-ஐ, எல்லாத் திசையிலும் சிதறடித்தால், அதை 3.14-ஆல் (பை) வகுக்க, சட்டையின் பிரகாசம் சுமார் 10,000 நிட். அதில் 13 சதவீதம் 1300 நிட். உங்கள் பேனலின் வெள்ளை 400, கறுப்பு கிட்டத்தட்ட 0. இரண்டின் மேலும் இந்த 1300 ஏறி உட்கார்ந்தால் வெள்ளை 1700, கறுப்பு 1300. மாறுபாட்டு விகிதம் 1.3. எழுத்து இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம், படிக்க முடியாது. 1000 நிட் பேனல் போட்டால் 2300-க்கு 1300, விகிதம் 1.8 தான். இப்போது 400 நிட் பேனலையே வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள காற்றை எடுத்துவிட்டு ஒளிபுகும் பசையால் நிரப்பினால் உள்ளே இருந்த இரண்டு பிம்பங்களும் அநேகமாக மறைந்து, பிரதிபலிப்பு 5 சதவீதமாகும். 900-க்கு 500, விகிதம் அதே 1.8. பின்னொளியை இரண்டரை மடங்காக்கிப் பெற்றதை, ஒரு வாட் கூடுதல் இல்லாமல் பெற்றாயிற்று. அதன் மேல் முன் முகத்தில் நல்ல பல்லடுக்கு ஏஆர் பூச்சு, அதாவது பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு, இருந்தால் மொத்தப் பிரதிபலிப்பு 1.5 சதவீதத்துக்கு இறங்கும். 550-க்கு 150, விகிதம் 3.7. மூன்றையும் சேர்த்தால், அதாவது 1000 நிட், பசை நிரப்பு, ஏஆர் மூன்றும் இருந்தால், 7.7. சிறிய எழுத்துக்கு 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்பது இணையப் பக்க அணுகல் விதிகள் கேட்கும் அளவு. திறந்தவெளிக்கும் அதையே அடிக்கோடாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது உத்தேசம் என்று சொல்லிவிடுகிறேன். முகத்துக்கு 4 சதவீதம் என்பது இயற்பியல், மாறாது. கூட்டல் வகுத்தலும் அப்படியே. சட்டையின் 10,000 நிட் உத்தேசம். எதிரே வெள்ளைக் காரோ கான்கிரீட் தரையோ இருந்தால் எண்கள் நகரும், வரிசை நகராது. டச் அடுக்கும் கண்ணாடியும் பேனலின் ஒளியில் பத்துச் சதவீதம் வரை விழுங்குவதையும் எளிமைக்காக விட்டிருக்கிறேன். கையால் நிழல் கட்டினால் பலருக்கு ஓரளவு தெரிவதும் இதனால்தான்: கை மறைப்பது வெயிலை அல்ல, அவருடைய சட்டையின் பிம்பத்தை.

அந்த நிரப்பும் வேலைக்கு ஆப்டிகல் பாண்டிங் என்று பெயர். இரண்டு வழிகள். ஒன்று, ஓசிஏ எனப்படும் ஒட்டுத் தாள். சின்னப் பேனல்களுக்கு நன்றாக வரும், தடிமன் சீராக இருக்கும். ஆனால் எல்சிடியின் உலோகச் சட்டம் போலரைசரை விட உயர்ந்து நின்றால் அந்தப் படியைத் தாளால் நிரப்ப முடியாது, ஓரத்தில் குமிழி நிற்கும். இரண்டாவது, திரவப் பசையை ஊற்றி யுவி (புற ஊதா) ஒளியில் இறுகவைப்பது. இது மேடுபள்ளத்தை நிரப்பும். இதில் வரும் சிக்கல் வேறு: கண்ணாடியின் கறுப்பு ஓர மைக்கு அடியில் யுவி போகாது, அங்கே பசை இறுகாமல் நின்று, வெயிலில் சூடேறியதும் மெல்லக் கசிந்து பின்னொளிக்குள் இறங்கும். அதற்காகவே வெப்பத்திலோ ஈரப்பதத்திலோ மிச்சத்தை இறுகவைக்கும் இரட்டைப் பசைகள் இருக்கின்றன. அக்ரிலிக் வகைகளில் மஞ்சளாகும் அபாயம் அதிகம். சிலிக்கோன் வகை மென்மையாகவே இருக்கும், மஞ்சளாவது குறைவு, விலை கூடுதல். பசை இறுகும்போது சுருங்கி எல்சிடியை இழுத்தால் ஓரங்களில் வெளிறிய திட்டுகள் தெரியும். கறுப்புத் திரை போட்டு, இருட்டில் பார்த்தால் அது பிடிபடும். இதை உங்கள் பட்டறையில் செய்யலாமா என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். தூசியற்ற அறையும் வெற்றிட அழுத்தியும் இல்லாமல் பத்தில் எத்தனை தேறும் என்று பார்ப்பதற்குள் பேனல் காசு கரைந்துவிடும். பாண்டிங் செய்த முழுத் தொகுப்பாக வாங்குங்கள். மாதிரி ஒன்றை 60 டிகிரி, 90 சதவீத ஈரப்பதத்தில் சில நூறு மணி நேரம் வைத்துப் பாருங்கள். தாமதமாக வரும் குமிழிகள் அங்கேதான் முகம் காட்டும்.

பூச்சு விஷயத்தில் கடைக்காரர்கள் ஏஜி, ஏஆர் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். இரண்டும் வேறு. ஏஆர் பிரதிபலிப்பைக் குறைக்கிறது. ஏஜி, அதாவது சொரசொரப்பாக்கிய முகம், பிரதிபலிப்பைக் குறைப்பதில்லை, கலைத்துவிடுகிறது. குழல்விளக்கு இருக்கும் அறைக்கு ஏஜி அருமை. நேர் வெயில் விழும் திரையில் அதே ஏஜி முழுத் திரையையும் வெள்ளைப் புகை மாதிரி மூடிவிடும், ஏனென்றால் ஒரு புள்ளியில் திரும்பிப் போயிருக்க வேண்டிய சூரியனை அது எல்லாத் திசையிலும் இறைக்கிறது. பிக்சல் நெருக்கமான பேனலின் மேல் கரடுமுரடான ஏஜி போட்டால் மணல் தூவியது போன்ற மினுமினுப்பும் வரும். உங்களுக்கு வேண்டியது ஏஆர். அதோடு சிறிதளவு ஏஜி சேர்ப்பதாக இருந்தால் ஹேஸ் அளவு, அதாவது ஒளியைக் கலைத்து மங்கலாக்கும் அளவு, 5 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஏஆர் முகத்தில் விரல் எண்ணெய் அப்பட்டமாகத் தெரியும், அதனால் மேலே எண்ணெய் ஒட்டாத பூச்சும் கேளுங்கள். அது தேயும் பூச்சு, சொரசொரப்பான துணியும் காரத் துடைப்பானும் அதைச் சீக்கிரம் எடுத்துவிடும். துடைக்கிறவருக்கு எதைக்கொண்டு துடைப்பது என்று எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இருக்கிற கண்ணாடியின் மேல் மேட் ஸ்கிரீன் கார்டு ஒட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சிறு குமிழியோடு ஒட்டிய படலம் இன்னும் இரண்டு பிரதிபலிப்பு முகங்களைச் சேர்க்கும்.

போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் பலர் வண்டி ஓட்டி வருவார்கள். எல்சிடியிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்வது. அந்தத் திசையும் கண்ணாடியின் திசையும் செங்குத்தாக அமைந்துவிட்டால் திரை முழுக் கறுப்பு. கிடைமட்டமாகப் பயன்படுத்தச் செய்த பேனலை நிமிர்த்தி வைக்கும் பெட்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது. போலரைஸ்டு கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்து, தலையை 90 டிகிரி சாயுங்கள். நிமிர்ந்த நிலையில் இருட்டானால், போலரைசரின் மேல் கால்-அலைப் படலம் ஒன்றை 45 டிகிரியில் சேர்த்த பேனலைக் கேளுங்கள். ஒளி வட்டமாகச் சுழன்று வரும், எந்தக் கோணத்திலும் பாதியளவாவது தெரியும்.

இனி நிட்டை ஏற்றுவதன் விலை. அதே பேனல் வடிவமைப்பில் 400-லிருந்து 1000-க்குப் போனால் பின்னொளி இரண்டரை மடங்கு மின்சாரம் தின்னும், அத்தனையும் பெட்டிக்குள் சூடாகத்தான் முடியும். வெளியே நேர் வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட். 10.1 அங்குலத் திரையின் பரப்பு 217-க்கு 136 மி.மீ., அதன் மேல் விழுவது கிட்டத்தட்ட 30 வாட். கறுப்பு முகம் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 40 டிகிரி நாளில், மேற்குப் பார்த்த பெட்டியில் பேனல் 70 டிகிரியைத் தொடுவது அதிசயமில்லை. சாதாரணப் பேனல்களின் திரவப் படிகம் 70 முதல் 80 டிகிரிக்குள் தன் ஒழுங்கை இழந்து வெறும் திரவமாகிவிடும். ஐபிஎஸ் என்ற பேனல் வகையில் அது நடுவில் கறுந்திட்டாகத் தொடங்கிப் பரவும். ஆறினால் திரும்பி வரும், அதனால் பேனல் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றிப் போய்ச் சோதித்தால் பட்டறையில் நன்றாக வேலை செய்யும். இந்தப் புகார் வந்தால் பேனலைத் திட்டாமல் வெப்பமானியை எடுங்கள். 110 டிகிரி வரை தாங்கும் திரவப் படிகத்தோடு வரும் வெளிப்புறப் பேனல்கள் கிடைக்கின்றன. 1000 நிட் வாங்குவதாக இருந்தால் அந்த வகையில்தான் வாங்க வேண்டும். வெறும் பின்னொளியை மட்டும் மாற்றிக் கட்டிய பேனல் வாங்குவது வம்பு. அகச்சிவப்பைத் தடுக்கும் படலம் கண்ணாடிக்குள் இருந்தால் வெயில் சூட்டில் கணிசமான பங்கு உள்ளேயே வராது. பெட்டிக்கு வெளித் தகடு ஒன்று, 10 முதல் 15 மி.மீ. இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று ஓட வழி வைத்தால், விசிறி சேர்ப்பதற்கு முன்பே நிறைய ஆறும்.

பெட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது நிட்டை விடப் பெரிய விஷயம், யாரும் கேட்பதில்லை. மேற்குப் பார்த்தது மோசம், மாலை நாலு மணிக்கு மேல் சூரியன் திரைக்குள் நேராக வந்துவிடும், எந்தக் கூரையும் உதவாது. வடக்குப் பார்த்தது நல்லது. ஆனால் நம் ஊரில் வடக்கும் முழுப் பாதுகாப்பில்லை. சென்னை 13 டிகிரி அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நல்லவேளை, அப்போதும் அது உச்சியிலிருந்து அதிகபட்சம் 10 டிகிரிக்கு மேல் சாயாது. 10 செ.மீ. நீட்டிய சின்னக் கூரையே கீழே அரை மீட்டருக்கு நிழல் கொடுத்துவிடும். தெற்குப் பார்த்த பெட்டியில் டிசம்பர் நண்பகலில் சூரியன் 36 டிகிரி சாய்ந்திருக்கும். அதே 10 செ.மீ. கூரை 13 செ.மீ. உயரத்துக்குத்தான் நிழல் தரும், திரையின் அடிப்பகுதி வெயிலில் மாட்டும். காலை, மாலை வெயிலுக்கு இரண்டு பக்கமும் இறக்கைபோல் தகடு வைத்தால்தான் தீரும். திரையைக் கொஞ்சம் மேல் நோக்கிச் சாய்த்துவைப்பது பார்க்க வசதி என்று எல்லோரும் செய்கிறார்கள். வெளியில் அது நேராக வானத்தைக் காட்டும் கண்ணாடி. செங்குத்தாகவே வைத்து, திரையின் நடுவைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கொண்டுவாருங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் எட்ட வேண்டுமானால் தொடும் பொத்தான்கள் தரையிலிருந்து 1200 மி.மீ.-க்குள் இருக்கட்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் தகவலை மேலும் பொத்தானைக் கீழும் பிரித்துவிடலாம்.

பேனலைத் தொடாமல் நாளைக்கே செய்யக் கூடியது, திரையில் என்ன வரைகிறீர்கள் என்பது. பெரும்பாலான சார்ஜிங் திரைகள் கறுப்புப் பின்னணியில் பச்சை, நீலம் என்று அழகாக இருக்கும், காட்சி அறையில். வெயிலில் கறுப்புப் பின்னணி சுத்தமான முகக்கண்ணாடி. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து போட்டால் பிம்பம் அப்படியேதான் இருக்கும், ஆனால் திரையின் பெரும்பகுதி ஒளிர்வதால் கண் அந்தப் பிம்பத்தைக் கண்டுகொள்ளாது. நிறங்களில், கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தில் பச்சையின் பங்கு 72 சதவீதம், சிவப்பு 21, நீலம் 7 மட்டுமே. 1000 நிட் பேனலில் தூய நீல எழுத்து வெறும் 70 நிட். கறுப்பின் மேல் சிவப்பில் எழுதிய எச்சரிக்கை சீக்கிரமே காணாமல் போவதும் அதனால்தான். எச்சரிக்கையைக் கறுப்பு எழுத்தாக, மஞ்சள் பட்டையின் மேல் போடுங்கள். கூடவே ஒரு வடிவமும் வையுங்கள், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் தெரியும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. அரை மீட்டருக்குச் சற்று மேல், சுமார் 60 செ.மீ. தொலைவிலிருந்து வசதியாகப் படிக்க எழுத்தின் உடல் 3.5 மி.மீ. உயரமாவது வேண்டும். அது உள்ளறைக்கு. வெளியில் 5 முதல் 6 மி.மீ. வையுங்கள். 1280-க்கு 800 பிக்சல் கொண்ட 10.1 அங்குலத்தில் ஒரு மி.மீ.-க்கு கிட்டத்தட்ட 6 பிக்சல், எனவே ‘க’ என்ற எழுத்து 30 பிக்சலுக்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஆங்கில எழுத்துருவுக்கு வைத்த அளவையே தமிழுக்கும் விட்டால் முதலில் தொலைவது புள்ளி. மங்கலான திரையில் ‘நிறுத்து’ என்ற பொத்தானில் ‘த்’ வெறும் ‘த’ ஆகிறது, ‘ணை’யின் சுழிகள் ஒரே கறுப்புக் கட்டியாகின்றன. மெல்லிய எழுத்துரு வேண்டாம், மிகத் தடித்ததும் வேண்டாம், சுழி அடைத்துவிடும். நடுத்தரத் தடிமன், வரிக்கு வரி எழுத்து உயரத்தில் ஒன்றரை மடங்கு இடைவெளி. மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் சின்ன வரைகலை நூலகமாக இருந்தால், அதில் ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக் கோப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். வாசகங்கள் மாறாதவை என்றால் அவற்றைப் படமாகவே ஏற்றிவிடுவது தலைவலி இல்லாத வழி.

பொத்தானுக்கு, போனில் 9 மி.மீ. போதும். நின்றுகொண்டு, ஒரு கையில் சார்ஜிங் கேபிளைப் பிடித்தபடி தொடுகிறவருக்கு 15 முதல் 20 மி.மீ., அதாவது 90 முதல் 120 பிக்சல், நடுவில் 3 மி.மீ. இடைவெளி. உங்கள் 3 மி.மீ. கண்ணாடியும் காற்று இடைவெளியும் இங்கேயும் கணக்குத் தீர்க்கும். உயரமானவர் 45 டிகிரி சாய்வில் குனிந்து பார்த்தால், படம் இருக்கும் இடத்துக்கும் விரல் கண்ணாடியைத் தொடும் இடத்துக்கும் கிட்டத்தட்ட 3 மி.மீ. வித்தியாசம் வரும், எப்போதும் பொத்தானுக்கு மேலேதான் படும். அதனால் வரைந்த பொத்தானை விட, தொடுவதை ஏற்கும் பரப்பை மேல்புறம் 3 மி.மீ. நீட்டிவிடுங்கள். சட்டத்தின் ஓரத்தில் பொத்தான் வேண்டாம். விரலை வைத்ததும் நிறம் மாறட்டும், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள். ஆனால் செயல் விரலை எடுக்கும்போது நடக்கட்டும். தவறாக வைத்தவர் இழுத்துக்கொண்டு போய்விடலாம். அவசர நிறுத்தத்தைத் திரைக்குள் வைத்திருந்தால் உடனே மாற்றுங்கள். அது சிவப்புக் காளான் பொத்தானாக, தனி மின்சுற்றில், திரை செத்தாலும் வேலை செய்வதாகத்தான் இருக்க வேண்டும்.

யுபிஐ க்யூஆர் காட்டுகிறீர்கள் என்றால், திரையைப் படிக்க வேண்டியது மனிதக் கண் மட்டுமில்லை. வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்று ஓரம், நடுவில் லோகோ வேண்டாம். 40 செ.மீ.-லிருந்து பிடிக்க 4 செ.மீ. சதுரம் குறைந்தபட்சம், வெளியில் 6 செ.மீ. கொடுங்கள். பின்னொளியை மங்கலாக்க வேகமாக அணைத்து ஏற்றும் பிடபிள்யூஎம் முறை பயன்படுத்தினால், அதன் வேகம் சில நூறு ஹெர்ட்ஸாக இருந்தால் போன் கேமராவில் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும், க்யூஆர் பிடிக்கத் திணறும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் ‘போனில்தான் கோளாறு’ என்று தள்ளிவிடுவார்கள். சில கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். க்யூஆர் காட்டும் நேரத்தில் மட்டும் முழு வெளிச்சத்துக்குப் போவதும் நல்ல பழக்கம்.

மழைக்கு வருவோம். உங்கள் பேனல் மின்தேக்க வகை என்று எடுத்துக்கொள்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக இண்டியம் டின் ஆக்சைடு கோடுகள், அவை வெட்டும் இடங்களில் சிறு மின்தேக்கம். விரல் வந்தால் அது குறையும். தனித்து நிற்கும் மழைத்துளி பெரும்பாலும் எதிர்த்திசையில் மாற்றத்தைக் காட்டும். இந்த மாற்றங்களை அளக்கும் சில்லான டச் கன்ட்ரோலர் அதையே புதிய இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும். துளி வழிந்து போன அடுத்த கணம் அந்த இடம் விரல் வைத்தது போலத் தெரியும். மழை நின்ற பிறகு, துடைத்த பிறகு பொத்தான் அழுந்துவதன் காரணம் இது. இரண்டாவது வகை, வழியும் நீர் உலோகச் சட்டத்தைத் தொட்டு நிற்பது. மண்ணோடு இணைந்த நீர்க்கோடு கன்ட்ரோலருக்கு நீளமான விரல். முதலாவதற்குத் தீர்வு, கோட்டுக்கு கோடு அளக்கும் முறையோடு ஒவ்வொரு கோட்டையும் தனித்து அளக்கும் முறையையும் சேர்த்து ஒப்பிடும் கன்ட்ரோலர். தனித்த துளி இரண்டாவது அளவீட்டில் அநேகமாகத் தெரியாது, விரல் இரண்டிலும் தெரியும். இந்த வசதி உங்கள் கன்ட்ரோலரிலேயே இருந்து, பேனல் விற்றவர் உங்கள் 3 மி.மீ. கண்ணாடிக்கு ஏற்ப அதைச் சரிசெய்யாமல் விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. முதலில் அதைக் கேளுங்கள், புதுப் பேனல் அப்புறம். இரண்டாவதற்குத் தீர்வு தச்சு வேலை மாதிரி எளிது: திரைக்கு மேலே நீர் சொட்டிவிடும் விளிம்பு, கண்ணாடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம், அடி ஓரத்தில் நீர் தேங்காத சரிவு. கையுறைக்காக உணர்திறனை ஏற்றி வைத்திருந்தால் இறக்குங்கள். கையுறையும் மழையும் ஒரே அமைப்பில் முழுமையாக ஒத்துப்போகாது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

மழையில்லாத நேரத்திலும் இப்படி ஆனால் அது மின் இரைச்சல். சார்ஜரின் மின்மாற்றிகள் அத்தனை பக்கத்தில் இருக்கும்போது இது எதிர்பார்க்கக் கூடியதுதான். கண்டுபிடிக்க, தொடுபுள்ளிகளைப் பதிவு செய்துகொண்டு, வண்டி சார்ஜ் ஆகாதபோது ஒரு முறை, முழுச் சுமையில் ஒரு முறை விரலை ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். சுமையில் மட்டும் புள்ளி நடுங்கினால், அல்லது விரலுக்கு நேர்கோட்டில் மேலும் கீழும் போலிப் புள்ளிகள் முளைத்தால், இரைச்சல் உறுதி. நீரால் வருவது துளி இருந்த இடத்திலேயே நிற்கும். பேனலின் மின்வழங்கியை நல்லதாக மாற்றுங்கள், அதன் கம்பியில் ஃபெரைட், அதாவது இரைச்சலை விழுங்கும் காந்தப் பொருள் வளையம், போடுங்கள், பேனலின் உலோக உடலைப் பெட்டியின் எர்த்தோடு குட்டையான அகலமான பட்டையால் இணையுங்கள், யுஎஸ்பி கம்பியை மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு எச்சரிக்கை: பாண்டிங் செய்ததும் டச் அடுக்கு எல்சிடிக்கு நெருங்கிவிடுவதால் எல்சிடியின் சொந்த இரைச்சல் கூடுதலாக ஏறும். நல்ல கன்ட்ரோலர்கள் சமாளிக்கும், ஆனால் காற்று இடைவெளியோடு சரிசெய்த அமைப்பை அப்படியே பயன்படுத்த முடியாது. பாண்டிங் செய்த தொகுப்பையும் கன்ட்ரோலர் சரிசெய்தலையும் ஒரே இடத்தில் வாங்குவது இதனால்தான் முக்கியம்.

வெளியில் ஏற்கெனவே நிற்கும் பெட்டிகளுக்கு, வெள்ளைப் பின்னணியும் பெரிய எழுத்தும் மென்பொருளில் இந்த வாரமே போகட்டும். அடுத்தது கூரையும் பக்கத் தகடும். கன்ட்ரோலர் சரிசெய்தல் விற்றவரிடம் கேட்டு வாங்க வேண்டியது. இவ்வளவும் செய்தபின் வடக்கு, கிழக்குப் பார்த்த பெட்டிகள் பேனல் மாற்றாமலே தப்பிக்கக் கூடும். மேற்குப் பார்த்தவை தப்பிக்காது, அவற்றுக்குத்தான் பாண்டிங், ஏஆர், 1000 நிட், உயர்வெப்பத் திரவப் படிகம் நான்கும் சேர்ந்த பேனல். மாதிரியைப் பட்டறையில் சோதிக்காமல், மேற்குப் பார்த்த பெட்டியில் மாட்டி மாலை நாலரைக்கு, வெள்ளைச் சட்டையோடு எதிரே நின்று பாருங்கள். அன்றைக்கே இரவு எட்டு மணிக்கும் ஒரு தடவை போங்கள். ஒளி உணரி வைத்து 50 நிட் பக்கமாக இறக்காத 1000 நிட் திரை இருட்டில் கண்ணைக் கூசவைத்து, பக்கத்திலிருக்கும் சார்ஜிங் பிளக்கைத் தடவித் தேட வைக்கும்.